டோரீன் அம்மா என்ன உடுத்திப் போவார்

9.6, திங்கள்

காலையிலிருந்தே மேல்காற்று. ஹாஸ்டல் மாடியில் காயப்போட்ட துப்பட்டா பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில். போய்க் கேட்கக் கூச்சம். பக்ரீத் முடிந்து கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கிய ஃபர்ஜானா, பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் எடுத்து வந்தாள். "நான் வரலன்னா நீ இன்னைக்கு லீவுதான் போட்டிருப்ப." உண்மை. ரவை இனிப்பு, தம்ரூட், கொண்டுவந்திருக்கிறாள். எனக்குத் தனி டப்பா.

வாங்க: சேஃப்டி பின், தேங்காய் எண்ணெய், ரீசார்ஜ்.

மதிய ஷிப்ட். கீழே பேட்டரி கடையில் என்னவோ தகராறு, சத்தம் மாடி வரை. நாங்கள் மட்டும் சத்தமே இல்லாமல் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பாவாடை விற்றுக்கொண்டிருந்தோம். நீளப் பாவாடை, முழுக்கைச் சட்டை, ஸ்கார்ப். எல்லாம் ஆன்லைன், எல்லாம் சாட். நான் எமிலி. ஃபர்ஜானா க்ரேஸ். சேர்ந்து இத்தனை மாதமாகியும் "ஹாய், நான் எமிலி" என்று அடிக்கும்போது பின்னால் யாரோ நின்று சிரிப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் எமிலிக்குக் கூச்சம் கிடையாது. அது பிடித்திருக்கிறது.

இன்று ஓர் அம்மா வந்தார். டோரீன். கறுப்புப் பாவாடை ஒன்றின் அளவு கேட்டார். பிறகு எதுவும் வரவில்லை. அடிப்பதும் அழிப்பதும் மட்டும் தெரிந்தது. பிறகு மொத்தமாக வந்து விழுந்தது. ஒரே மகன். யூதப் பெண்ணை விரும்பி, அவர்கள் மார்க்கத்தைப் படித்து, முறைப்படி சேர்ந்தும்விட்டான். அடுத்த வாரம் கல்யாணம். அதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை, சினகாக்கில் வழிபாடு. எல்லார் முன்னாலும் அவனைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்களாம். இவரும் போக வேண்டும். அப்படி ஓர் இடத்துக்குள் காலே வைத்ததில்லை. என்ன உடுத்துவது?

மகனைக் கேட்டாராம். "எதுனாலும் சரிம்மா" என்றானாம். எதுனாலும் சரி என்றால் எதைப் போடுவது என்று என்னைக் கேட்கிறார். சம்பந்தி வீட்டில் கேட்க மனமில்லை. ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களாம். கடைசி வரி: "அவன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்."

'தெரியாது' என்று அடிக்கவே கூடாது. பயிற்சியில் சொன்ன முதல் விதி. சாமி கும்பிடுகிற இடம்தானே என்று எமிலி மளமளவென்று அடித்தாள்:

கறுப்பு வேண்டாம், நல்ல காரியம், பச்சை அல்லது மெரூன்.
தலைக்கு எதுவும் வேண்டாம்.
செருப்பை வெளியே விட வேண்டியிருக்கும். சட்டென்று கழற்றுகிற மாதிரி போட்டுப் போங்கள்.
வெறுங்கையோடு போகாதீர்கள். பூ, பழம்.

டோரீன் பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் எடுத்தார். எங்கள் கடையிலேயே இருக்கிற மெல்லிய துணிச் செருப்பும் ஒன்று. வயிற்றில் பாலை வார்த்தாய் என்பதற்கு இங்கிலீஷில் என்ன உண்டோ அதை எழுதினார். முழு ஸ்டார்.

நல்ல நாள்.

10.6, செவ்வாய்

நல்ல நாள் இல்லை.

காலையில் தம்ரூட் தின்றுகொண்டே டோரீன் கதையை ஃபர்ஜானாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கண்ணாடி முன்னால் ஸ்கார்ப் கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் பின்.

"தலைக்கு ஒண்ணும் வேணாம்னா சொன்ன?"

"ஆமா."

"ஏன்டி?"

"முக்காடு எழவு வீட்டுலதான போடுவாங்க. நல்லதுக்கு யாரு போடுவா?"

வாயிலிருந்து பின்னை எடுத்தாள். "அப்ப நான் தெனமும் எழவு வீட்டுக்கா போயிட்டு வாரேன்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை, சிரித்தாள். அது இன்னும் மோசம்.

"சரி, ஒனக்கு யூதவங்களப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது. ஒனக்கு?"

"எனக்கும் தெரியாது. ஆனா தெரியாதுங்கறது எனக்குத் தெரியும். எமிலிக்கு அது தெரியல."

ஷிப்டுக்கு நேரம் இருந்தது. திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போய் மண்டபத்தில் உட்கார்ந்து போனில் தேடினேன். தமிழில் அதற்கு ஜெப ஆலயம் என்று பெயராம். பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாக எழுதியிருக்கிறார்கள். சபைக்குச் சபை மாறும் என்கிறார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்:

ஷூவோடுதான் உள்ளே போவார்கள். தோல் ஷூவைக் கழற்றுவது துக்கம் காப்பவர்கள். கறுப்பு சாதாரணம். கல்யாணமான பெண்கள் தலையை மூடுவது பல இடங்களில் வழக்கம். தொப்பி, ஸ்கார்ப், எதுவானாலும். ஆண்களும் சின்னக் குல்லா. சனிக்கிழமை ஓய்வு நாள், கையில் பொருளைத் தூக்கி வருவதையே தவிர்க்கிறார்கள். பூவும் பழமும் கொண்டுபோய் நீட்டினால் வாங்குகிறவருக்குத்தான் சங்கடம்.

சட்டைக் கையும் பாவாடையும் நீளமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குச் சரியாக அமைந்தது. அதுவும் கடையில் வேறு மாதிரி உடுப்பு இல்லாததால்.

அதாவது, மகனுக்கு நல்லது நடக்கிற இடத்துக்கு அந்த அம்மாவை வெறுங்காலோடு, துக்கக்காரி கோலத்தில் அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

அப்போது ஒருவர் கோயிலுக்குள் வந்தார். வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை, வாசல்படி மிதிக்கும்போதே அவிழ்த்து இடுப்பில் கட்டினார். கை தானாகச் செய்தது. இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், இன்றுதான் பார்த்தேன். அங்கே, ஜெப ஆலயத்தில், ஒருவர் வாசலில் குல்லாவை எடுத்துத் தலையில் வைப்பார். அவர் கையும் தானாகத்தான் செய்யும்.

ஆபீஸில் டீம் லீடர் முரளி சாரிடம் சொல்லப் போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் அவரே, "என்னம்மா, தண்ணி கேன் அங்கிட்டு இருக்கு" என்றார்.

சொன்னேன். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஸ்கார்ப் விக்கிற கடையில ஒக்காந்துக்கிட்டு ஸ்கார்ப் வேணாம்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா."

"அவங்களுக்கு மறுபடி சொல்லணும் சார்."

"சாட்ட கஸ்டமர்தான் ஆரம்பிக்கணும். நம்ம ஆரம்பிக்க முடியாது. ஆர்டர் சம்பந்தமா ஒரு மெயில் போடு. பணிவா."

போட்டேன். பணிவாக. அனுப்பிய பிறகு 'மன்னிக்கவும்' நிறைய தடவை வந்திருப்பதைப் பார்த்தேன்.

11.6, புதன்

பதில் இல்லை. பார்சல் கிளம்பிவிட்டது.

காற்று நின்று புழுக்கம். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை.

அம்மா போன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர். பள்ளி திறந்ததும் கையெல்லாம் வெங்காயமாம். டோரீன் கதையைச் சொன்னேன்.

"செருப்போடயா சாமி கும்புடுவாங்க? சாமி ஒண்ணும் சொல்லாதா?"

"அவங்க சாமி சொல்லாதும்மா."

"நல்ல சாமி. அங்க செருப்பு காணாமப் போகாதுல்ல."

பிறகு, "அந்தப் பய எதுனாலும் சரிம்மான்னானா? நீயும் ஒம் பட்டமளிப்புக்கு அதத்தான் சொன்ன. பெட்டியில கெடந்த அம்புட்டுச் சேலையும் எடுத்துப் போட்டு மடிச்சு வச்சதுதான் மிச்சம். பாவம் அந்தம்மா. எப்படியாச்சும் சொல்லிரு ஆத்தா."

அன்று அம்மா எந்தச் சேலை கட்டி வந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். ஊதா. பூப்போட்டது. இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது.

12.6, வியாழன்

பதில் இல்லை. பார்சல் இன்று அவர் கையில் கிடைத்துவிடும் என்று காட்டுகிறது.

அடுத்த அறையில் வாய்ஸ் டீம். நடுவில் கண்ணாடிச் சுவர். நாள் முழுக்கத் தலையில் மைக்கை மாட்டிக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது வாய்ஸா சாட்டா என்று கேட்டார்கள். கேள்வி முடியும் முன்பே சாட் என்றேன்.

ஃபர்ஜானா: "வாய்ஸ்ல யாரையாச்சும் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லு."

"என்னன்னு சொல்ல? தப்பு நான் பண்ணது."

"அப்ப நீயே பேசு."

"இங்கிலீஷ்லயா?"

"இல்ல, தமிழ்ல பேசு. டோரீனம்மா கெளம்பி வந்து கேப்பாங்க."

நாளைக்கு வெள்ளி. டோரீன் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே என்று இரவு ஸ்கார்ப் கட்டச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குக் காதில் பின் குத்தியது. "காலேஜெல்லாம் போயி ஒரு துணியக் கட்டத் தெரியல" என்று கொண்டையில் தட்டினாள். முக்கோணமாக மடிப்பு, நெற்றிக்கு மேல் ஒரு விரல் தள்ளி, முனைகள் பின்னால் போய் முடிச்சு. இந்த இரண்டாவது கட்டுக்குப் பின்கூட வேண்டாம். கண்ணாடியில் பார்த்தேன். இழவு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இல்லை. எங்கோ கிளம்புகிறவள் மாதிரி.

13.6, வெள்ளி

மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். தைரியத்துக்கு.

முரளி சார் (மு.சா.) முன்னால் போய் நின்றேன். "சார், நான் போன் பண்ணிச் சொல்றேன்."

ஏறிட்டுப் பார்த்தார். இண்டர்வியூவில் என் குரல் கேட்கவில்லை என்று ஏசியை நிறுத்தச் சொன்னவர். "நீயா?"

"ஆமா சார்."

"டெலிவரி வந்துச்சான்னு கேக்குற கால். ரெண்டு நிமிஷம். சொந்தப் பேரு, ஊரு எதுவும் வரக் கூடாது. அதுக்கு மேல என்ன பேசுனன்னு நான் கேக்கல."

வாய்ஸ் அறையில் போய் உட்கார்ந்தேன். தாளில் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஹெட்போன் காதில் சூடாக இருந்தது. மணி போனது. எடுத்தார். பின்னால் ஒரே பாத்திரச் சத்தம். தாளில் முதல் வரி: ஹாய், நான் எமிலி.

வாயில் வந்தது: "நான் வளர்மதி பேசுகிறேன்."

"யாரு?"

"கடையிலிருந்து. எமிலி."

"ரெண்டில் எது?"

"ரெண்டும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபர்ஜானா தலையில் கை வைத்தாள்.

பேசியது இங்கிலீஷில். நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

பார்சல் வந்துவிட்டதாம். பாவாடை கச்சிதமாம். மெயில் பார்க்கவில்லை, கடை மெயில்களை எப்போதுமே பார்ப்பதில்லை.

"மேடம், நான் திங்கட்கிழமை சொன்னது தப்பு."

"எது?"

"எல்லாம்."

எங்கோ ஒரு மூடி விழுந்து உருண்டது. "பாவாடையுமா?"

"பாவாடை சரி."

சொன்னேன். ஷூ போட்டே உள்ளே போகலாம். கறுப்பும் போடலாம். தலையை மூடுங்கள். பூ பழம் வேண்டாம். பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில்.

"வேலைக்குப் போடும் கறுப்பு ஷூ ஒன்று இருக்கிறது. நீ சொன்னாய் என்று ஒதுக்கி வைத்தேன்."

"அதையே போடுங்கள். துடைத்துவிட்டு."

"தலைக்கு மழைக்குக் கட்டும் ஸ்கார்ப்தான். கட்டினால் நழுவிக்கொண்டே இருக்கும்."

நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபர்ஜானா எழுந்து நின்றாள். எப்படிப் புரிந்ததோ. தன் ஸ்கார்ப்பைத் தொடாமல், வெறும் கையாலேயே காற்றில் மடித்துக் காட்டினாள். அவள் கை செய்ததை நான் வார்த்தையில் சொன்னேன். முக்கோணம். ஒரு விரல் தள்ளி. பின்னால் கொண்டுபோங்கள். முடிச்சு. அந்தப் பக்கம் டோரீன் "ம், ம்" என்றார். எதை வைத்துக் கட்டிப் பார்த்தாரோ, பாத்திரம் துடைக்கும் துணியோ.

"திங்கட்கிழமை ஏன் அப்படிச் சொன்னாய்?"

"எங்கள் கோயிலில் அப்படித்தான் மேடம். செருப்பை வெளியே விடுவோம். தலை திறந்திருக்கும். வெறுங்கையோடு போக மாட்டோம்."

"அதுவும் அழகாகத்தான் இருக்கிறது" என்றார். கோபமில்லை. நிஜமாகவே யோசிக்கிற குரல்.

இன்னொன்றும் சொன்னேன். வாசலில் நிற்பவரிடம் 'முதல் தடவை வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள், எல்லாப் பக்கத்திலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

"வெட்கமாக இருக்குமே."

"எனக்கும்தான் மேடம். இப்போதுகூட."

மு.சா. மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். போனை வைத்திருக்கலாம். பாத்திரச் சத்தம் என்ன என்று கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடச் சமையற்கட்டாம். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு.

"எங்க அம்மாவுக்கும் அதே வேலைதான்."

"அவரும் நாள் முழுக்க நின்றுகொண்டுதானா?"

"ஆமாம்."

"அப்படியானால் அவருக்கு என் ஷூவைப் பற்றித் தெரியும்" என்றார்.

போனை வைத்தேன். வாய்ஸ் டீமில் ஒருவர் தண்ணீர் நீட்டினார். மு.சா., "ரெண்டு நிமிஷம்னா ஒங்க ஊருல எவ்வளவு நேரம்மா?" என்றார். பெயர் சொன்னதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்காது என்று நம்புகிறேன். ரெக்கார்டிங் இருக்கும்.

14.6, சனி

இன்றுதான்.

லீவு. துணி துவைத்தேன். துப்பட்டாவுக்கு இரண்டு கிளிப்.

இந்நேரம் அங்கே விடிந்திருக்கும். ஷூவைத் துடைத்திருப்பார். ஒரு சந்தேகம்: எல்லாச் சபையிலும் தலையை மூட வேண்டியதில்லை என்றும் ஒரு பக்கத்தில் படித்தேன். அவர் போகிற இடம் எதுவோ. மூடிப் போய் மற்றவர்கள் மூடாமல் இருந்தால்? ஃபர்ஜானாவிடம் கேட்டேன்.

"கூடுதலா மூடுனவள யாரும் எந்திரிச்சுப் போகச் சொல்ல மாட்டாங்க. லீவுதான, மத்தியானம் கொஞ்சம் தூங்கு."

தூங்கவில்லை. மகனை எந்த இடத்தில் நிறுத்திக் கூப்பிடுவார்கள், என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புதுப் பெயர் உண்டாம். அப்பா பெயர் வருகிற இடத்தில் சொந்த அப்பா பெயரைச் சொல்லாமல் ஆபிரகாமின் மகன் என்பார்களாம். இது அந்த அம்மாவுக்குத் தெரியுமா? இதைச் சொல்லாமல் விட்டேனே.

அப்புறம் தோன்றியது: இது உடுப்பு இல்லை. இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

15.6, ஞாயிறு

குளத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு. மீன் குழம்பு.

அம்மா முதல் கேள்வி: "அந்தம்மா போச்சா?"

"தெரியலம்மா."

"கேக்க முடியாதா?"

"அவங்கதான் ஆரம்பிக்கணும்."

"என்ன கடைடி அது. விக்கிறவன் பேசக் கூடாதாம்."

மாலை மாரியம்மன் கோயில். அம்மா வாசலில் செருப்பை ஓரமாக, ஜோடியாக, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். எப்போதும் அப்படித்தான் வைப்பார் போல. வெளியே வந்து போடும்போது குதிகாலைப் பார்த்தேன். வெடிப்பு. அடுத்த மாதம் நல்ல செருப்பு ஒன்று வாங்கித் தர வேண்டும், நின்று வேலை செய்கிறவர்களுக்கானது. எங்கள் கடையில் அது கிடையாது.

16.6, திங்கள்

மேகம், மழை இல்லை. சேஃப்டி பின் மறுபடி மறந்தாச்சு.

ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம். மு.சா. தன் ஸ்க்ரீனைப் பார்த்தபடியே, சத்தமாக: "ஏம்மா, இங்க வளர்மதின்னு யாராச்சும் வேலை பாக்குறாங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"எமிலியும் வேணாமாம், க்ரேஸும் வேணாமாம். போன்ல பேசுன பொண்ணுதான் வேணுமாம். வ-னாவுல ஆரம்பிக்கிற நீளப் பேருன்னு ஒரு கஸ்டமர் ஒத்தக் கால்ல நிக்கிது. வா இங்கிட்டு."

போனேன். தன் நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். டோரீன் எழுதியிருந்தது, நீளமாக:

வாசலில் முதல் தடவை என்று சொன்னாராம். ஒரு பெண் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனாளாம், பெண்கள் உட்காருகிற இடத்துக்கு. எல்லோர் காலிலும் ஷூ. பாதிக்கு மேல் கறுப்பு. ஸ்கார்ப் ஒரு தடவை நழுவியது. பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் தன் பின்னைக் கழற்றிக் குத்திவிட்டார்.

பிறகு மகனைக் கூப்பிட்டார்கள். வேறு பெயரில். "எனக்குத் தெரியவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கீழே ஒருவன் எழுந்து நடந்தான். முதுகைப் பார்த்துத்தான் என் பிள்ளை என்று தெரிந்தது."

படித்து நிறுத்தினேன். மு.சா. "கீழ தள்ளு" என்றார்.

வழிபாட்டில் அவன் பங்கு முடிந்ததும், மாடியில் இருந்த பெண்கள் எல்லோர் கையிலும் மிட்டாய்ப் பொட்டலம். இவர் கையிலும் ஒன்று. மாப்பிள்ளை மேல் போட வேண்டுமாம். "இதை நீ சொல்லவே இல்லை. மற்றவர்கள் மெதுவாகப் போட்டார்கள். நான் போட்டது நேரே அவன் காதில் பட்டது. நிமிர்ந்தான். மாடி முழுக்கத் தேடினான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். சிரித்தான்."

அடுத்த வரி: "முகத்தைத் திருப்பவில்லை."

வெளியே வந்ததும் அவரைக் கால் முதல் தலை வரை பார்த்து, யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று கேட்டானாம். "பெயர் எனக்குச் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டும். சரியாக எழுதி அனுப்பு."

கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. விசைகள் மேல் விரலை வைத்தேன்.

"எமிலின்னுதான் எழுதணும்" என்றார் மு.சா. "ரூல்." பிறகு தண்ணீர் கேன் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்று டம்ளரைத் தேடினார். டம்ளர் கேன் மேலேயே இருந்தது.

அடித்தேன். எழுத்து எழுத்தாக. கீழே ஊர்ப் பெயர். அதற்கும் கீழே, அம்மா பெயர் அமிர்தம் என்று. அனுப்பிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். மு.சா. இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.